நுழைஞ்சாம்பாறையில் மாட்டிக்கொண்டவர்

பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்ட நான் கோயில் திருவிழா மலரில் எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். மகளிர் குழுத் தீர்மானம் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. அதையும் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் வரும் அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "இனி ஆருக்கு என்ன வெக்கம்? எழுது மக்கா" என்றாள்.

எங்கள் ஊரில் வீடுகளைவிடப் பாறைகள் அதிகம். பேச்சிப்பாறைக்கு அப்பால், ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடம். ஆனை படுத்திருப்பது போல ஒன்று, உரலைக் கவிழ்த்தது போல ஒன்று என்று ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் உண்டு. அம்மன் கோயிலுக்குப் பின்னால் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவே ஓர் இடுக்கு. அதுதான் நுழைஞ்சாம்பாறை. கும்பிட வருகிறவர்கள் தெற்கே நுழைந்து, தவழ்ந்து, வடக்கே வெளியேற வேண்டும். பாவம் செய்யாதவரைப் பாறை விட்டுவிடும், செய்தவரைப் பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஒல்லியானவர்கள் எல்லோரும் புண்ணியவான்களாக இருப்பது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கையான அத்தைக்கு இருபத்தாறு. அதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து, பார்த்து, சாப்பிட்டுப் போயிருந்தன. மூன்றாவது வரன் பூதப்பாண்டிப் பக்கம். மாப்பிள்ளை துபாயில் இருந்தார், போட்டோ மட்டும் வந்திருந்தது. கோயிலுக்கு வருகிற சாக்கில் அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் பெண் பார்க்க வந்தார்கள். இதுவும் தவறினால் இனி யார் மலையேறி வரப்போகிறார்கள் என்று அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா உயிரோடு இல்லை. அதனால் பெரியப்பா சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். கையில் குடை, வாயில் வெற்றிலை. மாப்பிள்ளையின் அம்மா நல்ல பருமன். பாறை இடுக்கைப் பார்த்ததும் பெரியப்பா சிரித்தார்.

"ஒனக்கு இது வேண்டாம் கேட்டியா. இங்க நின்னே கும்பிட்டுக்கோ. பொறவு பாறைய வெடி வச்சுத்தான் எடுக்கணும்."

"உங்க வீட்டுல வாக்கப்பட்டதத் தவிர நான் என்ன பாவம் செய்தேன் அத்தான்?" என்று அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகினார்.

உள்ளே நடுவில் ஒரு திருப்பம் உண்டு. வெளியூர்க்காரர்கள் பயப்படாமல் இருக்க ஊர்ப் பிள்ளை ஒருத்தி முன்னே போவது வழக்கம். அன்றைக்கு நான் போனேன். எனக்குப் பின்னால் அத்தை, அத்தைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. பெரியப்பாவும் அப்பாவும் சுற்றிப் போய் வடக்கு வாயிலில் நின்றார்கள்.

நானும் அத்தையும் திருப்பத்தைத் தாண்டிவிட்டோம். பின்னால் "தாயே" என்று ஒரு முனகல். மேலே இருந்த விரிசல் வழியாக விழுந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுடைய தலையும் ஒரு கையும் தெரிந்தன. மீதி அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

வெளியே இருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "என்ன சத்தத்தையே காணோம்? ஆரு மாட்டினது? நம்ம ஆளா?"

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரே" என்றார், அழாத குறையாக.

அத்தை வாயில் கையைக் குவித்து வெளிப்பக்கம் கத்தினாள். "நாந்தான் குடுங்கிட்டேன்! சேல மாட்டிப் போச்சு! இப்ப வந்திருவேன்!"

பிறகு திரும்பி, மெதுவாக, "மூச்ச வெளிய விடுங்கோ மாமி. இடது தோள இறக்குங்கோ. வயித்த நெனைக்காதீங்கோ" என்றாள்.

"நெனைக்காம எப்படி மக்களே? அதுதானே மாட்டியிருக்கு!"

அந்த இருட்டில் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிக்கச் சிரிக்க அந்த அம்மா இன்னும் இறுகினார். அத்தை முழங்கைகளைப் பாறையில் ஊன்றி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மன் பாறைக்குள் இருந்துகொண்டு பொய்! பாறை இப்போதே மூடிக்கொள்ளும் என்று நினைத்து, இரண்டு பேரையும் விட்டுவிட்டு வெளியே தவழ்ந்து ஓடிவந்தேன்.

"ஏட்டி, உள்ள என்ன நடக்கு?" என்று அப்பா கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெரியப்பாவும் பூசாரியும் வரிசையில் நின்றவர்களும் என்னையே பார்த்தார்கள். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. என் கூச்சம் ஒரு காரியத்துக்கு உதவியது அன்றைக்கு மட்டும்தான்.

முதலில் அத்தை வந்தாள், இரண்டு முழங்கையிலும் சிராய்ப்போடு. அடுத்து மாப்பிள்ளையின் அம்மா ராணி மாதிரி வெளிப்பட்டார். பெண்கள் குரவையிட்டார்கள்.

"பாத்தியளா, எங்க வீட்டு ஆளு என்ன சுளுவா வந்தா! பிள்ளைக்குத்தான் பாவம், எந்தப் பாவமோ" என்றார் பெரியப்பா.

அப்பா தரையைப் பார்த்தார். மதியம் பெரியப்பா ரசவடையை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "போயிட்டு ஆளனுப்புதோம்" என்றார். முன்பு வந்த இரண்டு பேரும் சொல்லிவிட்டுப் போன அதே வார்த்தை.

அடுக்களையில் அம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டுக்குட்டி பிடிக்க நூறு தடவ போயிட்டு வந்த பாறையில, இன்னைக்குப் பாத்தா மாட்டணும்?" அத்தை முழங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மனிடம் பொய் சொன்னதற்குத்தான் கல்யாணம் முறிந்தது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அத்தைக்காக ஒரு சிதறுதேங்காய்கூட நேர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. பெரியப்பா உள்ளே சீட்டுப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார். அப்போதும் அந்த அம்மா அத்தையின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொன்னதற்குத் திட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் மட்டும் தனியாக வந்து இறங்கி, அத்தையின் தலையில் பூ வைத்து, காப்பி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.