கொடைக்கானல் ஏரிக்கு மதகு எங்கே?

டூர் கூட்டிக்கொண்டு போகிற தொழிலில் இருப்பவருக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கல்யாணத்துக்கு வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருப்பவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வீர்கள். உங்களுக்கு அந்தப் பாடு எப்போதாவது ஒரு தடவை. எனக்கு அதுதான் சோறு போடுகிறது.

திண்டிவனத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் வேலை பார்க்கிறேன். பெயர் வாணி. முதலாளி என்னை 'கைடு' என்பார், பயணிகள் 'மேடம்' என்பார்கள், வாந்தி வருகிறவர்கள் மட்டும் 'எம்மா' என்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் திண்டிவனத்தில் கிளம்பி, விழுப்புரத்தில் மீதிப் பேரை ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் மலையேறுவோம். பகல் முழுக்கக் கொடைக்கானல். இருட்டுவதற்குள் இறக்கம். போன சீசனில் போன ஒரே ஒரு டிரிப்பைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்த ஒரு நாளே ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

அக்கா திண்டிவனம், தம்பி விழுப்புரம்

திண்டிவனத்தில் முதல் ஆளாக ஏறியவர் அம்சா அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். மடியில் ஒரு பை, பை நிறையத் தின்பண்டம். "எங்க தம்பி விழுப்புரத்துல ஏறுவான் மேடம். அவன்தான் டிக்கெட் போட்டான். என்ன மட்டும் தனியா கூட்டிக்கினு போறான், அவ்ளோ பாசம்" என்று எனக்கும் டிரைவர் சேகர் அண்ணனுக்கும் தனித்தனியாகச் சொன்னார். பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைத்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் தம்பி ஏழுமலை ஏறினார். பனமலைப் பக்கத்தில் சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிறவர். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம் சரோஜா ஏறினார். சரோஜா அம்சாவைப் பார்த்தார். அம்சா சரோஜாவைப் பார்த்தார். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஏழுமலையைப் பார்த்தார்கள். அம்சா துண்டை உதறி எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். சரோஜா டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தர் வருவது இன்னொருத்தருக்குத் தெரியாது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் ஏழுமலை என் காதோரம் குனிந்து சொன்னது இதுதான்: "ரெண்டு பேரும் எறங்கிடப் போறாங்க மேடம், ஜல்தி வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"

ரைட், போலாம்

அந்த வண்டியில் தேவநாதன் என்று ரிடையரான கண்டக்டர் ஒருவர், மனைவி விமலாவோடு வந்திருந்தார். ஜன்னலோர சீட்டு கேட்டு வாங்கியவர், அதில் உட்காரவே இல்லை. படிக்கட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்க சார், உக்காருங்க" என்றால், "பரவால்ல மேடம், பழக்கமாயிடுச்சி" என்பார். பாத்ரூமுக்கு இறங்கியவர்கள் திரும்பி ஏறும்போது, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியா இருக்குது பாரு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். எல்லாருக்கும் சீட்டு இருக்கிற வண்டி அது.

விடியற்காலை வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். மறுபடி கிளம்பி மலையில் பாதி தூரம் ஏறிய பிறகு தலையை எண்ணினேன். ஒன்று கூடுதலாக இருந்தது. குறைந்தால் என்ன செய்வதென்று தெரியும். கூடினால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தால், நடு வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், காலடியில் கூடை, கூடைக்குள் ரெண்டு கோழி. டீக்கடை வாசலில் நம் தேவநாதன் பழக்கதோஷத்தில் "கொடைக்கானல், கொடைக்கானல்" என்று குரல் கொடுத்திருக்கிறார். பெரியவர் நம்பி ஏறிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "ஏம்மா, வண்டி எடுத்து இம்புட்டு நேரமாச்சு, இன்னும் டிக்கெட்டு போடலையே?"

புகை

பள்ளத்தாக்கு தெரிகிற இடம் என்று ஒன்று இருக்கிறது. போய் நின்றால் வெள்ளை வேட்டியை முகத்தில் போர்த்தியது மாதிரி பனி. பள்ளத்தாக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நிற்கிற ஆளும் தெரியவில்லை. நான் தொழில் தர்மத்தை விடாமல், "இங்கேயிருந்து பார்த்தால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும்" என்று ஒரு திசையில் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் டீக்கடைதான் இருந்தது என்று சேகர் அண்ணன் பிறகு சொன்னார்.

எல்லாரும் ஒன்றும் தெரியாத வெள்ளையை செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் மனைவி விமலா மட்டும் ஸ்வெட்டருக்கு மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேலே குரங்குக் குல்லா சகிதம் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்தார். ஏதோ தெரிகிறது போலிருக்கிறது என்று நான் பக்கத்தில் போனேன். திரும்பிக் கேட்டார்: "இதப் பாக்கவா மேடம் ராத்திரி பூரா முழிச்சிக்கினு வந்தோம்? போகி அன்னிக்கி எங்க தெருவுல இத வுட நல்லா இருக்குமே!"

ஒரு வயிறு

மத்தியானம் ஏரிக்கரையில் சாப்பாடு. ஹோட்டல் தேடிக்கொள்கிறவர்கள் தேடிக்கொள்ளலாம், கட்டிக்கொண்டு வந்தவர்கள் பிரிக்கலாம். ஏழுமலை புல்தரையில் நடுவில் உட்கார்ந்தார். இடது பக்கம் சரோஜா புளிசோற்றைப் பிரித்தார். வலது பக்கம் அம்சா கேப்பை அடையையும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற அவித்த வேர்க்கடலையையும் எடுத்து வைத்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருக்க, ரெண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"மேடம், எங்க தம்பிக்கு கேப்ப அடன்னா உசுருன்னு சொல்லுங்க" என்றார் அம்சா. "மேடம், அவருக்குக் காலைல இருந்து வயிறு சரியில்ல, அடை செமிக்காதுன்னு சொல்லுங்க" என்றார் சரோஜா. மூன்று பேரும் ஒரு கை நீட்டினால் தொட்டுக்கொள்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். இருந்தும் நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். ஏழுமலை ஒரு வாய் புளிசோறு, ஒரு வாய் அடை என்று மாற்றி மாற்றி, கடைசிக் கவளம் வரைக்கும் சமமாகத் தின்று முடித்தார். நெற்றியில் வியர்வை. கொடைக்கானலில் வியர்த்த மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றினபோது மெதுவாகச் சொன்னார்: "வயிறு ஒண்ணுதான் மேடம், கட்சிதான் ரெண்டாப் போச்சி."

மதகு

சாப்பிட்ட பிறகு ஏழுமலை ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பனி விலகி வெயில் அடித்தது. தண்ணீர் கரை முட்ட நின்றது. அதில் வாத்து மாதிரி பொம்மை வைத்த போட்டுகள் போய்க்கொண்டிருந்தன. இந்த நேரத்தில்தான் நாங்கள் வழக்கமாக "எப்படி, அழகா இருக்கில்ல?" என்று கேட்போம். கேட்டேன்.

"நல்லா தளும்பிக்கினு நிக்குது. மதகு எங்க மேடம்?" என்றார். என்னிடம் மதகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. "எந்தெந்த ஊருக்குப் பாயுது?" என்று அடுத்த கேள்வி. "இது பாசனத்துக்கு இல்லீங்க. பாக்கறதுக்கும் போட் விடறதுக்கும்தான்" என்றேன். சாவு சேதி சொன்னது மாதிரி என்னைப் பார்த்தார். "பாக்கறதுக்கா?" என்று ஒரு தடவை கேட்டார். கரையோரம் கொஞ்ச தூரம் நடந்து போய், நான் பொய் சொல்லியிருப்பேனோ என்று குனிந்து குனிந்து தேடிவிட்டுத் திரும்பி வந்தார். "இவ்ளோ தண்ணிய வெச்சிக்கினு ஒரு போகம் கூட நடலன்னா, இந்த ஊருக்காரங்க பொழுதுக்கும் என்னதான் பண்றாங்க?"

ரெண்டு பேர் மிதிக்கிற போட்

காலால் மிதித்து ஓட்டுகிற போட்டில் ரெண்டு ரெண்டு பேராக ஏற்றினோம். தேவநாதன் ஜோடி போனது. மற்ற ஜோடிகள் எல்லாம் போயின. மிஞ்சியது மூன்று பேர், ஒரு போட். "எனக்கு முட்டி வலி. அக்கா, நீ போ. சரோஜா, நீயும் போ" என்று ஏழுமலை வானத்தைப் பார்த்துச் சொன்னார். 'அவங்ககூடப் போக மாட்டேன்' என்று வேற்று மனிதர்கள் முன்னால் சொல்ல ரெண்டு பேருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல, அவங்களக் கேளுங்க மேடம்" என்றார் ஒருத்தர். "நான் எதுக்கும் பயந்தவ கெடையாது மேடம்" என்றார் மற்றவர். மிதவைச் சட்டையை மாட்டி, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தர் மிதித்தால் ஒருத்தர் மிதிக்கவில்லை. போட் அதே இடத்தில் ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மெதுவாக வளைவைத் தாண்டி மறைந்தது.

திடீரென்று பனி இறங்கியது. மலையில் அப்படித்தான், கதவைச் சாத்துகிற மாதிரி இறங்கும். கரையிலிருந்து கூப்பிட்டதில் எல்லாப் போட்டும் திரும்பிவிட்டது. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. ஏழுமலை முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பீடி பற்ற வைத்தார். அப்புறம் பற்ற வைத்ததைக் கீழே போட்டுவிட்டார். "நம்ம ஊரு ஏரின்னா நான் எறங்கிடுவேன் மேடம். எங்க பள்ளம், எங்க மேடு, எல்லாம் காலுக்குத் தெரியும். இது என்னா ஆழம்னே தெரியலியே" என்றார். ஏற்றிவிட்டது நான். சண்டைக்காரர்கள் ரெண்டு பேர், அசையாத போட் ஒன்று, நடுவில் யாராவது கோபத்தில் எழுந்து நின்றால்? நினைக்கவே முடியவில்லை. துடுப்புப் போட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து, நானும் ஏழுமலையும் ஏறிக்கொண்டோம்.

துடுப்பின் நுனி கூடத் தெரியாத வெள்ளை. "அக்கா!" என்று கத்தினார். பதில் இல்லை. "சரோஜா!" பதில் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனோம். அப்போது எங்கேயோ இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "இந்தப் பக்கம் திருப்புடின்னா அந்தப் பக்கம் திருப்பற! பால் காய்ச்சறதுலயும் உனக்கு இப்படித்தான் அவசரம்!"

"நான் அவசரப்பட்டனா? ராகுகாலம் வந்துடும்னு ஐயரு குதிக்கறாரு. புது வூட்ல உங்க கையால பால் பொங்கணும்னு வாசல்லயே நின்னு நின்னு எங்காலு வீங்கிப் போச்சி அண்ணி! நீங்க பஸ்ஸ வுட்டுட்டு லேட்டா வந்தா நான் இன்னா பண்றது?"

"அத அன்னிக்கே சொல்லறதுக்கு இன்னா?"

"வாசப்படிய மிதிக்காம திரும்பிப் போயிட்டீங்க. யாருகிட்ட சொல்றது? உங்க தம்பிகிட்டயா? அவரு ரெண்டு பக்கமும் தலைய ஆட்டிக்கினு நின்னாரு!"

"அவன் எப்பவுமே அப்படித்தான்டி. மிதி, மிதி, நிறுத்தாத!"

அதற்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஏழுமலையைத் திட்ட ஆரம்பித்தார்கள். குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் இழுத்தார்கள். போட் கோரைப்புல்லில் மாட்டிக்கொண்டு நின்றதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. ஏழுமலை பலகையில் தொப்பென்று உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடுப்புக்காரர் குரல் வந்த திசைக்குப் போட்டைத் திருப்பப் போனார். ஏழுமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்: "கொஞ்சம் இருப்பா. இன்னும் கொஞ்ச நேரம் சண்ட போடட்டும்."

வண்டி முழுக்கச் சத்தம்

கீழே இறங்கும்போது அம்சாவும் சரோஜாவும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. யார் வீட்டில் யாருக்குக் குழந்தை, எந்த மருமகள் எதற்குக் கோபித்துக்கொண்டாள், எந்தக் கடையில் எந்தப் புடவை சாயம் போனது என்று திருச்சி தாண்டியும் ஓயவில்லை. வண்டியில் ஒருத்தருக்கும் தூக்கம் இல்லை. கடைசியில் தேவநாதனே பொறுக்க முடியாமல் என்னிடம் வந்தார்: "போறப்போ எவ்ளோ நிம்மதியா இருந்துது மேடம். பேஜாரு, இவங்கள யாரு சேத்து வெச்சது?"

விழுப்புரம்

வெளுக்கிற நேரத்துக்கு விழுப்புரத்தில் நிறுத்தினோம். ஏழுமலையும் சரோஜாவும் இறங்கினார்கள். பின்னாலேயே அம்சாவும் பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். தூக்கக் கலக்கத்தில் ஸ்டாப் தெரியாமல் இறங்குகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அம்மா, இது விழுப்புரம். நீங்க இறங்க வேண்டியது திண்டிவனம்" என்றேன். கீழே ஆட்டோவில் சரோஜா ஒதுங்கி உட்கார்ந்து இடம் விட்டிருந்தார். ஏழுமலை டிரைவருக்குப் பக்கத்தில் பாதி சீட்டில் தொற்றிக்கொண்டிருந்தார். அம்சா என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்: "தெரியும் மேடம். எங்க தம்பி கட்டன வூட்ட நான் இன்னும் உள்ள போயி பாக்கவே இல்ல."

ஏற்றின ஆளை ஏற்றின ஊரிலேயே இறக்கிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலுக்கு அடிப்படை. அன்றைக்கு அதில் தவறியதற்கு முதலாளி என்னைத் திட்டிய திட்டு, நான் இதுவரைக்கும் சந்தோஷமாக வாங்கிக்கொண்ட ஒரே திட்டு.