கம்பத்துப் பிக்கப்பும் என் மாமியாரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் குரங்கணிக்கு மேலே எங்களுக்கு நாலு ஏக்கர் காபித் தோட்டம் இருந்தது. ஊடே கொஞ்சம் ஏலக்காய். என் அப்பா எனக்குச் சீராக எழுதிக் கொடுத்த நிலம் அது. என் வீட்டுக்காரர் வெளியாட்களிடம் அதை 'எஸ்டேட்டு' என்பார். சொல்லும்போது குரல் கொஞ்சம் கனத்துவிடும். அந்த எஸ்டேட்டுக்கு முதலாளி நான் என்பது பத்திரத்துக்குத் தெரியும். தோட்டத்து அட்டைகளுக்குத் தெரியாது. கூலிக்கு வந்தவர்களைக் கடித்த மாதிரியேதான் என்னையும் கடித்தன.

வீடு போடியில். எரு மேலே போக வேண்டும், காபியும் ஏலக்காயும் கீழே வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஒரு வாடகை ஜீப்புக்காரரை நம்பியிருந்தோம். "இந்தா வர்றேன்ணே" என்பதுதான் அவர் பேச்சில் பாதி. அந்த 'இந்தா' என்பது மத்தியானமாகவும் இருக்கலாம், மறுநாளாகவும் இருக்கலாம். ஒரு வருஷம் காய்ந்த காபி மூட்டைகளைப் பாதையோரம் அடுக்கிவிட்டு அவருக்காகக் காத்திருந்தோம். ஜீப்புக்கு முன்னால் மழை வந்துவிட்டது. பூசணம் பிடித்த அந்தக் காபியை வியாபாரி மோந்து பார்த்துவிட்டு, செத்த எலியைத் தள்ளுவதுபோலத் தள்ளி வைத்தார்.

இனிமேல் சொந்த வண்டிதான் என்று அன்றைக்கே என் வீட்டுக்காரர் சபதம் எடுத்தார். சபதத்தின் முதல் பகுதியாக எங்கோ ஏலத்தில் ஒரு டிரெய்லரை வாங்கிவந்தார். இரண்டு சக்கரம், இரும்புத் தொட்டி, முன்னால் ஒரு கொக்கி. இழுப்பதற்கு வண்டி கிடையாது. அதைப் பத்துப் பேர் தள்ளிக்கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். என் மாமியார் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏலே, இதை யாரு இழுப்பா? உன் பொண்டாட்டியா?"

"வண்டி வாங்கப் போறேன் ஆத்தா."

"வாங்கு வாங்கு. அதுவரைக்கும் கோழி அடைச்சுக்கிறேன்."

சொன்னபடி கோழி அடைத்தார். மூன்று மாதம் அந்த டிரெய்லர் முட்டை கொடுத்தது. வீட்டுக்கு வந்த எந்த வண்டியும் அந்த அளவுக்கு லாபம் கொடுத்ததில்லை.

பிறகு கம்பத்தில் ஒரு பிக்கப்பு விலைக்கு வருவதாகத் தகவல் வந்தது. இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாயுடையது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஜீப்பை விட ரொம்ப மலிவு. என் வீட்டுக்காரர் பஸ்சில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துவிட்டுப் போனபோதுகூட இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பச்சைக் கலரு," என்றார். அதற்கு மேல் விவரம் எதுவும் சொல்லவில்லை.

தோட்டம் என் பேரில் இருந்ததாலும், அந்த வருஷத்து ஏலக்காய்க் காசு என் கையில் இருந்ததாலும் முடிவு என்னிடம் வந்தது. நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு லோடு எருவைக் குரங்கணிக்கு இழுத்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். பாய் அதற்குத் தயங்கவே இல்லை.

"கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க மாப்ளே. பொண்ணு பாக்கப் போனாலே பஜ்ஜியைத் தின்னுட்டுத்தான முடிவு சொல்றோம். ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். இது கம்பத்துலேர்ந்து தேனிக்கு இரும்பு ஏத்திப் போன வண்டி. மலைய இது கண்ணால பாத்திருக்கு, அவ்வளவுதான்."

இந்தக் கடைசி வரியை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை. பின்னால் பாயே சொல்லித்தான் தெரிந்தது.

சோதனை நாள் காலையில் கோழிகளை விரட்டிவிட்டு டிரெய்லரைக் கழுவி, பிக்கப்பின் பின்னால் மாட்டினோம். ஆட்டு எரு மூட்டைகளில் பாதி டிரெய்லரில், பாதி வண்டியின் தொட்டியில். ஓட்டுவது வீட்டுக்காரர். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்குக் கீழே போட ஒரு பலாக் கட்டையை என் கையில் கொடுத்தார்கள். முதலாளிக்குக் கொடுக்கிற வேலை அது. மாமியார் வருவதாகவே இல்லை. வண்டி வாங்குவதே தண்டம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், கிளம்புகிற நேரத்தில் வெற்றிலைப் பையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"தண்டம்னு கண்ணால பாக்க வேண்டாமா?" என்றார்.

என் மாமியார் சாதாரண ஆகிருதி இல்லை. அவர் ஏறியதும் வண்டி ஒருபக்கம் தாழ்ந்து, மரியாதை செய்வதுபோல நின்றது.

மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் பிக்கப்பு அழகாக ஓடியது. வீட்டுக்காரர் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். ஏற்றம் தொடங்கியதும் ஹாரன் நின்றது. முதல் வளைவில் வண்டி முனகியது. இரண்டாவது வளைவில் அவர் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தார். வண்டி ஒடியவில்லை. நேராகப் பாறையைப் பார்த்துப் போய், அரை அடி தள்ளி நின்றது.

"என்னங்க?"

"ஸ்டியரிங்கு சும்மா சுத்துது. காத்தைத் திருப்புற மாதிரி இருக்கு."

இறங்கிப் பார்த்தோம். விஷயம் எளிது. பின்னால் இருந்த பாரமெல்லாம் வண்டியின் பின்பக்கத்தை அமுக்க, முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினால் என்ன? மூட்டைகளை இறக்குவது நியாயமான வழி. ஆனால் இறக்கினால் சோதனையில் தோற்றதாக ஆகிவிடுமே என்று வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "முன்னாடி கொஞ்சம் வெயிட்டு இருந்தாப் போதும்," என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கண் மட்டும் தன் தாயார் பக்கம் போய்விட்டது.

மாமியாருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பானெட்டு சுடுமேடா," என்றார். அவ்வளவுதான் ஆட்சேபணை.

ஓடைத் தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்துப் பானெட்டின் மேல் விரித்தோம். பாதையோரப் பாறையில் ஏறி அங்கிருந்து அவர் பானெட்டுக்கு மாறினார். கண்ணாடியில் முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். முன் சக்கரம் ரோட்டில் நன்றாகப் பதிந்தது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது. ஒரே ஒரு சிக்கல்தான். கண்ணாடி முழுக்க மாமியாரின் முதுகு. ஓட்டுகிறவருக்கு ரோடு தெரியவில்லை.

"நான் சொல்றேன், நீ ஓட்டு," என்றார் மாமியார்.

அதற்கப்புறம் அந்த வண்டியை ஓட்டியது அவர்தான்.

"சோத்தாங்கைப் பக்கம்! இன்னும்! இன்னும் ஒடிடா! போதும். நேரா. பீச்சாங்கைப் பக்கம்... ஏலே, பீச்சாங்கைன்னா எதுன்னு தெரியாதா? உனக்குக் கழுவிவிட்டவ சொல்றேன், பீச்சாங்கை!"

கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு அவர் பிள்ளை ஓட்டினார். நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். சிரிப்பில் எனக்குக் கட்டை ரெண்டு தடவை கைநழுவிப் போனது. மாமியாருக்கு அடியில் இருந்த ஈரச்சாக்கு சூடேறி ஆவி கிளம்பியது. பார்ப்பதற்குச் சாம்பிராணி போட்ட மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த வளைவில் ஒரு பள்ளம். பின் சக்கரம் அதில் இறங்கியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முன்பக்கம் சட்டென்று எழும்பியது. மாமியார் எழும்பினார். இடதுபக்க முன் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் அந்தரத்தில் நின்றதை நான் பார்த்தேன். அந்தப் பக்கம் கட்டைச்சுவர் கிடையாது. கீழே வெகு ஆழத்தில் ஓடை மின்னிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டேன். முன் சக்கரம் திரும்பத் தரையில் விழுந்தது. வண்டி நின்றது. என் சிரிப்பும் நின்றது.

முன்னாலிருந்து குரல் வந்தது. "ஏண்டா நிறுத்துன? வெரசா எடு, சாக்கு காயுது!"

இறங்கச் சொன்னேன். கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் மூட்டையை இறக்கச் சொன்னேன். தொட்டியில் இருந்த மூட்டைகளை இறக்கிப் பாதையோரம் போட்டார். அதற்கப்புறம் முன் சக்கரம் அடங்கியது. மாமியார் மட்டும் பானெட்டை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்து ரோடு அகலம்தான் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

குரங்கணி டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து பார்த்தார். "சூடம் கொண்டாங்கப்பா! சப்பரம் வந்துருச்சு!" என்று ஒருவர் கத்தினார். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு இறங்கியிருப்பார்கள். என் மாமியார் சாவகாசமாக வலது கையைத் தூக்கி ஆசி கொடுத்தார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஜீப்புக்காரர் பக்கத்தில் வந்து, "ஆத்தா, என் ஜீப்புக்கும் ஒருநா எழுந்தருளணும்," என்றார்.

"உன் ஜீப்பு வந்து சேருற அன்னைக்குச் சொல்லு, வர்றேன்," என்றார் மாமியார். டீக்கடை மொத்தமும் சிரித்தது. ஜீப்புக்காரர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்.

வீடு திரும்பி, சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்தபோதுதான் வேடிக்கை. ஒரு வாரமாக வேண்டாம் என்றவர், வண்டியை வாங்கியே ஆக வேண்டும் என்றார். மூன்று மாதமாக வேண்டும் என்றவர், வேண்டவே வேண்டாம் என்றார்.

"இழுவை பத்தாது ஆத்தா."

"நல்லாத்தான இழுத்துச்சு! நான் சொன்ன பக்கமெல்லாம் போச்சு."

"அதுக்குத்தான் வேண்டாம்ங்கிறேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தச் சக்கரத்தைச் சொன்னேன். எவ்வளவு உயரம் தூக்கியது, அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று சொன்னேன். அவர்கள் இரண்டு பேருமே அதைப் பார்த்திருக்கவில்லை. ஒருவருக்கு ஆத்தாவின் முதுகு மறைத்திருந்தது, இன்னொருவருக்கு உற்சாகம். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். பாரத்தைக் குறைத்துப் பாதிப்பாதியாக ஏற்றலாம்தான், ஆனால் ரெண்டு நடைக்கு ஆகிற பெட்ரோலுக்கு ஜீப்பு வாடகையே மேல் என்றேன். வேண்டாம் என்றேன்.

மாமியார் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார். "உனக்குப் பொறாமைத்தா. நான் முன்னாடி உக்காந்து வந்தேன். நீ பின்னாடி கட்டை தூக்கிக்கிட்டு வந்த."

அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது. நான் மறுக்கவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க நானும் கம்பத்துக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "வண்டி பரவால்ல தங்கச்சி, வேற ஆளு வாங்கிக்குவாங்க. மலையப் பத்தி மாப்ளேகிட்ட முதல்லயே சொன்னேனே, சொல்லலையா?" என்றார். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரும்புக் கம்பிகளின் தடிமனை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்தப் பிக்கப்பைத் தேவாரத்துக்காரர் ஒருவர் வாழைத்தார் ஏற்ற வாங்கிக்கொண்டார். சமவெளியில் அது பல வருஷம் நன்றாக ஓடியது. நாங்கள் அடுத்த வருஷம், எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் வைத்திருந்த சிலமலைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பு வாங்கினோம். நாலு சக்கரமும் இழுக்கும். பெட்ரோலைக் குடிப்பதில் வெட்கமே கிடையாது. டிரெய்லரை மாட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் மலையேறியது.

மாமியாரைத் தோட்டத்துக்கு அதில்தான் கூட்டிப்போனோம். சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பத்திரமாக. பாதி மலையில் தூங்கிவிட்டார்.