கோலத்தில் கலந்த சிவப்பு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் பழைய வீட்டுப் பூசையறைக் கதவைச் சுரண்டுமுன், பெயிண்டர் அதன்மேல் தண்ணீர் தெளித்தார்.

"காய்ஞ்ச தூசி பறக்கக் கூடாதும்மா. அந்தக் காலத்துப் பெயிண்ட்டு. அதுல ஈயம் கீது, விஷம்."

அறுபதுகளின் ஒரு மார்கழியில், பாசுரம் பாடியபடியே என் தந்தையார் இதே கதவை நனைக்காமலே உப்புத்தாளால் தேய்த்தார். உதிர்ந்த செந்தூளை ஒன்பது வயதுச் சிறுமியான நான் அள்ளி, கோலமாவில் கலந்து, பெருமாளுக்கென்று வாசலில் தாமரை வரைந்தேன். தெருவே நின்று வியந்தது. தவழும் வயதிலிருந்த தம்பி வரதன் அதைத் தொட்டுத் தொட்டு நக்கினான். இனித்ததோ என்னவோ, மீண்டும் மீண்டும் வந்தான்.

"அரிசி மாவுதானேடி, துன்னட்டும் வுடு" என்று அம்மா சிரித்தாள்.

உண்மையைச் சொன்னால் சிவப்புக் கோலம் நின்றுவிடும் என்று வாய்திறவாதிருந்தேன். மாதம் முழுவதும் அதையே இட்டேன்.

வரதனுக்கு எழுத்து ஏறவில்லை; பேச்சும் நிரம்பவில்லை. காரணம் அதுதானா என்று பெருமாளிடம் கேட்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.

"அந்தப் பெரியவர அப்பால இட்டுக்கினு போங்கம்மா" என்றார் பெயிண்டர், கூடத்தில் அமர்ந்திருந்த வரதனைக் காட்டி.

கையைப் பற்றினேன். எங்கே, எதற்கு என்று கேளாமல் என்னோடு எழுந்து வந்தான்.