குறி தப்பினால் எங்கே போகும்

கண்ணாடி மேசையின் மேல் இரண்டு தோட்டாக்களை அடுத்தடுத்து நிறுத்தி வைத்தேன். ஒன்று ஓரங்குல உயரம். மற்றது அதைவிட ஒரு நகக்கண் அளவு கூடுதல். பருமனில் உள்ள வித்தியாசம் விரலிடுக்கில் உருட்டிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். குட்டையானதற்கு ‘லாங் ரைபிள்’ என்று பெயர் வைத்தவர் குறும்புக்காரராக இருக்கவேண்டும். நீளமானது ‘மேக்னம்’. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மருந்துக் குப்பியில் காலாவதித் தேதி தேடுபவரைப்போலக் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மருத்துவமனையில் வேலை செய்தவர் என்பதை அந்தப் பார்வையிலேயே ஊகித்துவிட்டேன்.

தாதியரை இங்கே நாங்கள் ‘மிஸ்ஸி’ என்போம். அவரையும் முதல் நாளிலிருந்து இன்றுவரை அப்படித்தான் அழைக்கிறேன். விபத்துப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான் இருக்கும். நான் அப்போது ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த துப்பாக்கிக் கடையில் விற்பனையாளன். பாலேக் பூலாவ் பழத்தோட்டக்காரர்களும் சுடும் கழகத்து ஆட்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். எல்லாம் உரிமத்தோடு நடக்கிற வியாபாரம். எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா, அது எவ்வளவு தூரத்தில் எத்தனை அங்குலம் தாழும் என்றெல்லாம் கேட்லாக்கைத் திறக்காமலேயே சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மிஸ்ஸியின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தாசேக் கெலுகோரில் அவர்களுக்கு மூன்று ரெலோங் நிலம் இருந்தது. வடக்கே நாங்கள் நிலத்தை ரெலோங் கணக்கில்தான் சொல்வோம், மூன்று ரெலோங் என்றால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அதில் பலா இனத்துச் செம்படாக்கும் ரம்புத்தானும் கொஞ்சம் டுரியானும். ஓய்வுக்குப் பிறகு இருவரும் அதை நம்பித்தான் திட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் காயெல்லாம் அணிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதுகில் மூன்று கோடு போட்ட சின்ன அணிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்குள்ளதற்கு வயிறு செம்மண் நிறம், வால் உடம்பளவு நீளம். ஒரு செம்படாக்கில் ஒரு துளை போடும், நான்கு சுளை தின்னும், அடுத்த காய்க்குத் தாவிவிடும். துளை விழுந்த காய் இரண்டு நாளில் அழுகிப்போகும். விரட்டிப் பார்த்து, தகரம் கட்டிப் பார்த்து, முறைப்படி அனுமதி வாங்கிய பின்தான் கணவர் ஒரு பழைய ரைபிளால் அவற்றைச் சுட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சும் குழறியது. உரிமம் மிஸ்ஸியின் பெயருக்கு மாறியது. பழைய ரைபிளின் குழாய் தேய்ந்து, எந்தக் குண்டும் நேராகப் போகாத நிலைக்கு வந்திருந்தது. புதிது வாங்க அனுமதி கிடைத்துவிட்டது. எந்தத் தோட்டாவுக்கான ரைபிள் என்பதை மட்டும் முடிவு செய்யவேண்டும். உரிமத்தில் அதை எழுதிய பிறகு மாற்றுவது எளிதல்ல.

நான் யோசிக்காமல் மேக்னத்தைச் சொன்னேன். வேகம் அதிகம், நூறு மீட்டர் வரைக்கும் நேர்கோட்டில் போகும், புதிதாகச் சுடுகிறவர்கள் தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் குறி தப்பாது என்று விளக்கினேன். இரண்டுக்கும் குழாயின் அளவு ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றுக்கான துப்பாக்கியில் மற்றதைப் போடக்கூடாது, குட்டையானது நீளமானதன் அறைக்குள் தொளதொளவென்று உட்கார்ந்து வெடித்து ஆபத்தாகிவிடும் என்பதையும் சொன்னேன். மிஸ்ஸி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இருபத்தாறு வருடத்தில் அந்த மேசைக்கு முன்னால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“குறி தப்புனா எங்க போவும் அண்ணே?”

நான் எண்களில் பதில் சொன்னேன். மேல்நோக்கிச் சுட்டால் இரண்டுமே ஒரு மைலைத் தாண்டும் என்றேன். சொல்லும்போதே அது எனக்கு ஒரு பெருமையான தகவல்போலத்தான் வாயிலிருந்து வந்தது. மிஸ்ஸி மேசையில் கிடந்த தன் உரிமக் கோப்பின் நுனியை விரலால் நேராக்கினார். அப்புறம் மெதுவாக, தான் வேலையிலிருந்த காலத்து ஒரு காலை நேரத்தைச் சொன்னார். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே மிகச் சின்னக் காயம். எதுவோ கொட்டிவிட்டது என்றுதான் அவளே நினைத்திருந்தாள். உள்ளேயிருந்து எடுத்தது பயற்றம்பருப்பு அளவுக்கு நசுங்கிய ஈயம். எங்கோ தோட்டத்தில் யாரோ மரத்தை நோக்கிச் சுட்டது. அவள் பிழைத்துக்கொண்டாள். மிஸ்ஸிதான் ஒன்பது நாள் கட்டு மாற்றினார்.

“சுட்டவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது அண்ணே. அணிலு தப்பிச்சிருச்சுன்னு நெனச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு.”

அந்தத் தோட்டா எங்கள் கடையில் வாங்கியதாக இருக்குமோ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கும்தான் தெரியாது. அவர்கள் நிலத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகளும் ஓர் ஆரம்பப் பள்ளியும் இருப்பதாக மிஸ்ஸி சொன்னார். அணில் மரத்தில்தான் இருக்கும், மரத்தைப் பார்த்துத்தான் சுடவேண்டும் என்று நான் இழுத்தேன். “அப்ப நான் எங்க நின்னு சுடறேன்னு மொதல்ல பாக்கணும். தோட்டாவ அப்புறம் பாப்போம்,” என்று கோப்பை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து நிலத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அப்படியெல்லாம் நான் யார் வீட்டுக்கும் போனதில்லை. சரி என்றேன்.

அந்த ஞாயிறு எங்கள் தீவிலிருந்து மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி அக்கரைக்குப் போய், அங்கிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தாசேக் கெலுகோர் போய்ச் சேர்ந்தேன். மிஸ்ஸியின் கணவர் முன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் கடைக் கேட்லாக். மேக்னம் இருந்த பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. அவருக்கு மேக்னம்தான் வேண்டும். அதை அவர் குழறலோடு மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகக் கோபத்தோடு. மிஸ்ஸி அடுக்களை வாசலிலிருந்து, நீங்கள் சுடப்போவதில்லை, நான்தான் சுடப்போகிறேன் என்றார். சொன்ன மறுகணமே மிஸ்ஸியின் முகம் வாடிவிட்டது. அந்த மனிதர் கேட்லாக்கை மூடி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடிக்கடி நடக்கிற சண்டை என்பது எனக்குப் புரிந்தது. உடம்பு விழுந்த பிறகு, தன் பங்குக்கு முடிவு செய்ய அவரிடம் மீந்திருந்தது அந்த ஒன்றுதான்.

நானும் மிஸ்ஸியும் நிலத்தைச் சுற்றி வந்தோம். தரை தட்டையாக இருந்தது. எந்த மரத்தடியில் நின்று மேலே பார்த்தாலும் கிளைக்குப் பின்னால் வானம், வானத்துக்குக் கீழே யாருடையதோ கூரை. மேக்னத்துக்காக நான் ஒரு கடைசி வாதம் வைத்திருந்தேன். வேகமான குண்டு மண்ணில் பட்டால் பெரும்பாலும் நொறுங்கிவிடும். மெதுவாகப் போவது கல்லில் பட்டாலோ தண்ணீரில் பட்டாலோ துள்ளித் திசை மாறும். பொய்யில்லை, உண்மையான விஷயம்தான். மிஸ்ஸி அதை ஒதுக்கிவிடவில்லை. எப்படிப்பட்ட மண்ணில் துள்ளாது என்று கேட்டார். ஈரமில்லாத, கல்லில்லாத, மெத்தென்ற மண் என்றேன். கிழக்கு எல்லையில் வாய்க்கால் வெட்டிய மண்ணைக் குவித்து, வாய்க்காலுக்கு இந்தப் பக்கமாகவே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கரை போட்டிருந்தார்கள். மிஸ்ஸி அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஆனால் அணில் கரையடிக்கு எப்படி வரும்? வந்தாலும் தரையில் நின்று சுட்டால், கொஞ்சம் மேலே போனாலும் கரையைத் தாண்டிவிடுமே.

திரும்பி வந்து தேநீர் குடிக்கும்போது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். இருவரும் திரும்பினோம்.

“மேல ஏறு,” என்றார். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தார். “பரண் கட்டு. மேல இருந்து கீழ பாத்து சுடு. கரையடியில கம்பம் நடு. கம்பத்துல பழம் வை. அது வரும்.”

மிஸ்ஸி தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு உயரம் என்று நான் கேட்டேன். பத்தடி. கரையிலிருந்து எவ்வளவு தூரம்? முப்பது மீட்டர். எந்தப் பக்கம் பார்த்து? காலை வெயில் கண்ணில் படாமல் இருக்க, கொஞ்சம் தெற்கே தள்ளி. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அந்த நிலத்தின் ஒவ்வொரு அடியும் அவர் மனதில் இருந்தது. கடைசியாக என்னைப் பார்த்து, முப்பது மீட்டருக்கு மேக்னம் தேவையா என்று அவரே கேட்டார். தேவையில்லை அண்ணே, சின்னதே தாராளம் என்றேன். அவர் கேட்லாக்கைத் திறந்து, மடித்திருந்த மூலையை நகத்தால் நீவி நேராக்கினார்.

லாங் ரைபிள் தோட்டா போடும் ரைபிளைத்தான் வாங்கினார்கள். சுடும் கழகத்தில் மிஸ்ஸி பழகிய முதல் நாள் நானும் கூடப் போனேன். ஊசி போடும்போது மூச்சை நிறுத்துவது வழக்கம் என்பதால் கை ஆடவில்லை என்றார். இதற்கிடையில் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து தச்சர் ஒருவர் வந்து, கணவர் நாற்காலியிலிருந்து சொன்ன அளவுப்படி பரணைக் கட்டி முடித்தார். பக்கத்தில் கைப்பிடி வைத்த படிக்கட்டு. காலையில் மிஸ்ஸி மேலே ஏறுவார். கணவர் கூடத்து ஜன்னலருகே தொலைநோக்கியோடு உட்கார்ந்து, அணில் எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குப் போகிறது என்று தொலைபேசியில் சொல்வார். முதலில் ஒற்றை இடது கையால் பிடித்தவர், தொலைநோக்கி கனக்கிறது என்று வலது கையையும் முட்டுக்கொடுக்கத் தொடங்கினாராம். அதைச் சொல்ல மிஸ்ஸி எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

ஆனால் ஒரு நாள் அவர் கடைக்கே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அன்று காலை கம்பத்தில் அணில் வந்து உட்கார்ந்திருக்கிறது. குறி சரியாக இருந்தது, விரல் விசைமேல் இருந்தது. அந்த நேரத்தில் கரைமேல் ஒரு முக்காடு தெரிந்தது. பக்கத்து நிலத்து மலாய்க்கார அம்மா, சமையலுக்குப் பெரணிக் கொழுந்து பறித்துக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கமாக வந்து மேலே ஏறியிருக்கிறார். மிஸ்ஸி விரலை எடுத்து, துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, கால் மணி நேரம் பரணிலேயே உட்கார்ந்திருந்தார். குண்டு கரையின் அடியில்தானே போயிருக்கும், அந்த அம்மாவுக்கு எதுவும் ஆகியிருக்காதே என்று நான் சமாதானம் சொன்னேன். “ஆகியிருக்காது. அது எனக்கும் தெரியும்,” என்றார். “ஆனா அவங்க அங்க இருக்கிறது எனக்குத் தெரியாம இருந்துச்சு பாருங்க அண்ணே.”

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் நேரில் போய்ப் பேசுங்கள் என்றேன். அன்று சாயங்காலமே போனார். நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, தன் ரம்புத்தானையும் அதே அணில்கள்தான் தின்கின்றன என்றாராம். மிஸ்ஸி பரணில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு சிவப்புத் துணியைக் கம்பில் ஏற்றுவது, அது ஏறியிருக்கும்வரை யாரும் கரைப்பக்கம் வராமல் இருப்பது, அவர்கள் வீட்டுக்குச் சொல்லாமல் துணியை ஏற்றாமல் இருப்பது என்று முடிவாயிற்று. அதன்பிறகு மிஸ்ஸி சுட்டதைவிடச் சுடாமல் இறங்கிய நாட்களே அதிகம். மீதியை உறை பார்த்துக்கொண்டது. இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து பழைய கோணிகளை வெட்டித் தைத்து, பிஞ்சிலேயே செம்படாக்குகளை மூடினார்கள். அந்தப் பருவத்தில் பாதிக்குமேல் காய் முழுதாகக் கைக்கு வந்தது.

அதன்பின் நான் வியாபாரம் செய்த விதம் மாறியது. தோட்டா கேட்டு வருகிறவரிடம், சுடும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பேன். சிலர் எரிச்சலடைந்தார்கள். சிலர் பதில் தெரியாமல் விழித்து, போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர் வாங்காமலேயே போனார். வலை போட்டுவிட்டதாகப் பிறகு சொல்லி அனுப்பினார். முதலாளி முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் பருவம் தொடங்கியதும் மிஸ்ஸி கூப்பிட்டதால் தாசேக் கெலுகோர் போனேன். கூடத்து நாற்காலி காலியாக இருந்தது. மிஸ்ஸி வெளியே கை காட்டினார். அவர் கணவர் ஊன்றுகோலைப் படிக்கட்டின் அடியில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிப் பரணில் ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. பிடிக்கப் போன என்னை மிஸ்ஸி கையைப் பற்றி நிறுத்தினார். தான் அளவு சொல்லிக் கட்டிய பரணில் அந்த மனிதர் அதுவரை கால் வைத்ததே இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கரை, வாய்க்கால், அப்பால் பக்கத்து வீட்டுக் கூரை, பள்ளிக்கூடத்துத் திடல் என்று பார்வை ஒவ்வொன்றாகப் போவது கீழே இருந்தே எங்களுக்குத் தெரிந்தது. பிறகு எங்களைக் குனிந்து பார்த்தார்.

“பிள்ளைங்க பந்து விளையாடுதுங்க,” என்றார். ஒரு சொல்கூடக் குழறவில்லை.