இருநூற்றுப் பத்தும் ஒரே மூச்சில்

என் மேசை லாச்சியில், பேனைகளுக்கும் அளவுநாடாவுக்கும் நடுவே, ஒரு பழைய சைக்கிள் ரியூப் துண்டு கிடக்கிறது. இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கி முடிந்திருக்கிறது. அது கடற்றொழிலாளர் போடுகிற முடிச்சு; அவிழ்க்கப் பார்த்து என் நகம் உடைந்ததுதான் மிச்சம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் குப்பை என்று நினைத்து அதை எறியப் போவார்கள். நான் பாய்ந்து பறித்துவிடுவேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு மனிதர் கோபத்தில் என் மேசைமேல் எறிந்துவிட்டுப் போனது அது.

அவரைக் கீப்பர் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். குருநகரில் மீன்பிடித் தொழில் செய்தார். அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிற்பங்கின் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் கீப்பர். முப்பத்துநான்கு வயது. நான் அப்போதுதான் படிப்பை முடித்து யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய இயன்மருத்துவ நிலையத்தில் சேர்ந்திருந்தேன். காயம்பட்ட காலையும் கையையும் பயிற்சியால் தேற்றி எடுப்பது எங்கள் வேலை. சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரரின் மகள் நான். கடலைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் எங்கள் ஒழுங்கைக்கு வரும் மீன்காரரின் ஹோர்ன் சத்தம் மட்டுந்தான். ஆனாலும் எல்லாம் தெரிந்தவள் என்ற எண்ணம் மட்டும் தலை நிறைய இருந்தது.

உயரப் பாய்ந்து பந்தைப் பிடித்து ஒற்றைக்காலில் இறங்கியபோது அவருடைய வலது முழங்கால் உள்ளே மடங்கியிருக்கிறது. எண்ணெய் பூசிக் கட்டினார், வீக்கம் வடிந்தது, நோ போனது. நோ போனால் சுகம் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்! இரண்டாம் மாதமே திரும்ப விளையாடப் போனார். அதே கால் அதே மாதிரி மடங்கியது. சவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஒப்பரேசன் இப்போதைக்கு வேண்டாம், பயிற்சி செய்யட்டும் என்று டொக்டர் எழுதிய துண்டோடு என்னிடம் வந்தார். தொடைகளை அளந்து பார்த்தேன். வலது தொடை இரண்டு விரலளவு மெலிந்திருந்தது. முழங்காலைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய தசை அது. அது தேறாமல் நோ மட்டும் போவதில் பயனில்லை என்று விளக்கினேன். அவருக்கு வேறு கணக்கு இருந்தது.

"அஞ்சு மாதத்திலை எங்கடை கோயில் பெருநாள், மிஸ். பெருநாள் மட்சிலை நான் நிக்கவேணும். அதுக்குப் பிறகு கால் என்ன ஆனாலும் பறவாயில்லை."

"கால் இல்லாமல் கடலுக்குப் போற போட்டிலை எப்பிடி நிப்பியள்?" என்று கேட்டேன்.

"போட்டிலை நிக்கேக்கை ஆர் மிஸ் கைதட்டினம்?" என்றார்.

நான் அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிட்டுப் பயிற்சிகளைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

நிலையத்திலிருந்த ஒரேயொரு ரப்பர் பட்டி அறுந்து பல நாளாகியிருந்தது. அடுத்தமுறை வரும்போது, பழைய சைக்கிள் ரியூபை நீளமாக வெட்டி, கடல் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அதைக் கணுக்கால்களில் மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, காலை நீட்டித் தூக்கி வைத்திருப்பது, ஒற்றைக்காலில் நிற்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். காலைத் தூக்குவது மட்டும் நாளுக்கு முப்பது தரம் என்று கடதாசியில் எழுதிக் கோடும் போட்டுக் கொடுத்தேன். அடுத்தடுத்த மூன்று திங்கட்கிழமைகளும் முழங்கால் பந்துபோல வீங்கியபடி வந்தார். நான் குழம்பிப் போனேன்.

"ஒவ்வொரு நாளும் செய்யிறனீங்களோ, அண்ணை?"

"ஒண்டும் குறையேல்லை மிஸ். நாளுக்கு முப்பது எண்டால் கிழமைக்கு இருநூற்றுப் பத்து. எங்கடை ஆக்கள் ஞாயிறு தொழிலுக்குப் போறேல்லைத்தானே. பூசை முடிஞ்சு வந்து எல்லாத்தையும் ஒரேயடியாய்ச் செய்துபோடுவன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரைக் குறைசொல்லவும் முடியவில்லை. விடிய முன்னம் கடலுக்குப் போய், மத்தியானம் கரைக்கு வந்து, வலையில் சிக்கிய மீனைத் தெரிந்தெடுத்து, கிழிந்ததைத் திருத்தி வீட்டுக்குப் போகிற மனிதருக்கு "காலை, மதியம், மாலை" என்று பள்ளிக்கூட நேரசூசி எழுதிக் கொடுத்தவள் நான். அவருடைய நாளில் அதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. அது என்னுடைய பிழை. ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அடுத்தமுறை மனைவியையும் கூட்டிவரச் சொன்னேன். அவர் வந்த உடனேயே போட்டுக்கொடுத்தார். "காலைத் தூக்கிப் பத்து எண்ணச் சொன்னனீங்களாம். இவர் பத்து எண்ணுறதுக்குள்ளை நான் மூண்டுகூட எண்ணமாட்டன், மிஸ்." வீட்டில் எல்லோரும் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருக்கிற நேரம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். பின்னேரம் செபமாலை சொல்லும் நேரம் என்றார். ஒரு 'அருள் நிறைந்த மரியாயே' மந்திரம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். ஏறக்குறைய நான் கேட்ட பத்துச் செக்கன். ஒரு மந்திரத்துக்குக் காலைத் தூக்கி வைத்திருப்பது, அடுத்ததற்கு இறக்குவது என்று மனைவியே முறை சொன்னார். ஆனால் செபத்தில் இப்படிச் செய்யலாமோ என்று அண்ணைக்குப் பயம். பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டிருக்கிறார். சுவாமி சிரித்துவிட்டு, "கால் தன்ரை வேலையைச் செய்யட்டும், மனம் மட்டும் வெளியிலை போகாமல் பாரும்" என்றாராம். அதற்குப் பிறகு வீக்கம் வரவில்லை. தொடை தேறத் தொடங்கியது. அளவுநாடாவை நான் விரிக்க முன்னரே அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்.

பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது சோதித்தேன். நிலையத்து விறாந்தையில் வெண்கட்டியால் கோடு போட்டு, ஒற்றைக்காலில் பாயச் சொன்னேன். இடது கால் போய் இறங்கிய இடத்திலிருந்து வலது கால் ஒரு சாண் குறைவு. அதைவிட, இறங்கும்போது முழங்கால் இன்னும் மெல்ல உள்ளே மடங்கியது. நான் தலையை ஆட்டினேன்.

"ஒரு சாண், மிஸ். ஒரு சாணுக்காக ஒரு வருசமோ?"

"ஓம் அண்ணை. மூண்டாந்தரம் கிழிஞ்சால் ஒப்பரேசன்தான். பிறகு பந்தும் நிச்சயமில்லை, கடலும் நிச்சயமில்லை."

பையிலிருந்த ரியூபை எடுத்து மேசையில் எறிந்துவிட்டுப் போனார். அவரைத் தடுத்துவைக்க என்னிடம் என்ன அதிகாரம் இருந்தது? போய் விளையாடினால் விளையாடியதுதான்.

பெருநாள் இறுதி ஆட்டத்துக்கு அழைப்பு ஒன்றும் இல்லாமல் பஸ் ஏறிப் போனேன். சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தால் கோலில் நின்றது வேறு ஓர் ஆள். கீப்பர் அண்ணை கோல் கம்பத்துக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த மீன் பெட்டியில் குந்தியிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கடைசி நிமிடங்களில் ஒரு பந்து கோலுக்குள் போய், அவருடைய அணி தோற்றது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "அவன் நிண்டிருந்தால் உது உள்ளை போயிராது. ஆரோ ஒரு மிஸ் மறிச்சுப்போட்டாவாம்" என்று வயிறெரிந்தார். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

குடைக்குள் மறைந்ததைக் கண்டுபிடித்துக் கீப்பர் அண்ணையே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நொண்டாமல் நடந்துவந்தார், அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

"அந்த ரியூப் கிடக்கோ, மிஸ்?"

"கிடக்கு அண்ணை. தரட்டோ?"

"வேண்டாம், வைச்சிருங்கோ. அண்டைக்கே வீட்டை போய் வேறை வெட்டிப்போட்டன்."

எறிந்துவிட்டுப் போன அதே பின்னேரம், கோபம் ஆறுவதற்குள்ளேயே, புதிதாக ஒன்றை வெட்டிச் செபமாலைக்குக் கால் நீட்டி இருந்திருக்கிறார். பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் திரும்பியிருந்து அழுதேன்.

அடுத்த பெருநாளில் அவர் கோலில் நின்றார். அதற்குப் பின்னரும் நான்கு பெருநாள்கள் நின்றார். இப்போது மகள் விளையாடும் பெண்கள் அணியைப் பழக்குகிறார். ஆட்டம் தொடங்க முன்னர் பிள்ளைகள் எல்லோரும் கணுக்காலில் ரியூப் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பார்கள். பிறகு பாய்ந்து இறங்குவார்கள். "நிலத்திலை சத்தம் கேக்கப்படாது, முழங்கால் உள்ளுக்கு வரப்படாது" என்று கோட்டில் நின்று கத்துவார். காயம் வந்தபின் என்னிடம் வருவதைவிட, வராமலே இருப்பது நல்லதல்லவா? என் வேலைக்கு நட்டம்தான். இருந்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

போன மாதம் அந்த மைதானத்துக்குப் போனேன். படியால் இறங்கும்போது நான் கம்பியைப் பிடித்ததை அவர் கண்டுவிட்டார்.

"முழங்காலோ, மிஸ்?"

"கொஞ்சம் நோ."

"பயிற்சி செய்யிறியளோ?"

"செய்யிறன்."

"எந்தெந்த நாள்?"

நாள் முழுவதும் மற்றவர்களுடைய கால்களைப் பார்த்துவிட்டுச் சுன்னாகத்துக்கு பஸ் ஏறுகிறவள் நான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைக்குது, அண்ணை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மைதானத்திலிருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பையிலிருந்து ஒரு ரியூபை எடுத்து, வெட்டி, முடிந்துகொண்டே கேட்டார்: "உங்கடை வீட்டிலை விளக்கு வைக்கிறது எத்தினை மணிக்கு?"

"ஆறரைக்கு."

"அப்ப ஆறரைக்கு."

பழைய துண்டு லாச்சியிலேயே கிடக்கிறது. வெடித்துப் போய்விட்டது, இழுத்தால் அறுந்துவிடும். புதியது வீட்டில், சாமிப் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்குகிறது. காலைத் தூக்கி, நமச்சிவாய என்று ஐந்து தரம் ஆறுதலாகச் சொல்லி, இறக்குகிறேன். இன்று புதன்கிழமை. முப்பதும் செய்துவிட்டுத்தான் இதை எழுத அமர்ந்தேன்.