அரை டேங்கு தோமினிக்

செஞ்சிச் சந்தையில் தோமினிக் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அரை டேங்கு வீடு எது என்று கேட்டால் கறிக்கடைக்காரர் கத்தியாலேயே வழி காட்டுவார். பர்மா பக்கம் ராணுவ லாரி ஓட்டி, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பியவனுக்கு ஊர் பிற்பாடு குத்திவிட்ட பதக்கம் அது.

நாற்பத்தெட்டில் தொண்டூர்ப் பண்ணையார் ஆதிமூலம் டிராக்டர் வாங்கியபோது அதை ஓட்டத் தெரிந்தவன் தோமினிக் ஒருவன்தான். அவன் நைனா ஆயுசெல்லாம் அடுத்தவர் மாட்டின் பின்னால் நடந்து செத்தவர். மகன் உயரத்தில் உட்கார்ந்து உழுதான். அந்த இருக்கைக்காக எதையும் பொறுத்துக்கொள்வான், ஆதிமூலத்தின் குரலையும்தான். மூக்கில் புறப்பட்டு, தொண்டையில் தங்கி, ஒரு செருமலோடு வெளியே வரும் குரல்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள், தொண்டூர்க் கழனி நடுவே டிராக்டர் இருமி நின்றது. எண்ணெய் காட்டும் முள் பாதியில் இருந்தது. தோமினிக் மூடியைத் திறந்து ஒரு சோளத்தட்டையை உள்ளே விட்டான். காய்ந்தபடியே வந்தது.

வரப்பில் ஆதிமூலம் செருமினார். "ம்ஹ்ம்... ஏண்டா, இப்பதான முள்ளப் பாத்தேன்? பாதி இருந்துது. மண்ணெண்ணெ கெடைக்காத காலத்துல எவன் வூட்டு வெளக்குலடா எரியுது?"

கூலியாட்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த கேள்வி அவர்களுக்கு வரும்.

"உழுததுலயே தீந்துபோச்சுங்க ஐயா. முள்ளுதான் பொய் சொல்லுது. செத்த இருங்க, காட்டறேன்."

முள்ளின் பின்னாலிருந்த ஒயரைக் கழற்றினான். முள் ஒரு கோடியில் போய்ப் படுத்தது. அதே ஒயரை வண்டி இரும்பில் தொட்டான். மறுகோடிக்குத் துள்ளியது.

"முள்ளுக்கு ஒண்ணுமில்லீங்க. டேங்குக்குள்ள மெதக்குற தக்கைதான் எங்கியோ மாட்டிக்கினு இருக்குது."

ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு, டேங்கின் மேலிருந்த திருகாணிகளைக் கழற்றிக் கையை விட்டான். தக்கையின் கம்பி வளைந்து உட்சுவரில் சிக்கியிருந்தது. விரலால் தட்டிவிட்டான். முள் சரசரவென்று காலிக்கு இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

ஆதிமூலமும் பார்த்தார். இத்தனை கூலியாட்கள் முன்னால் அவர் கண் பொய்யாகிவிட்டது.

"ம்ஹ்ம்... இந்த வித்த ஊர்ல வேற எவனுக்குடா தெரியும்? நீயே மாட்டிவெச்சிட்டு எண்ணெய எறக்கினா, எங்களுக்கு எப்டித் தெரியும்?"

"மாதா மேல சத்தியமா ஐயா..."

"ஒன் மாதாவ வண்டில ஏத்தாத. அத நேராக்கிட்டு எறங்கு. இனிமே ராஜாராம் ஓட்டுவான்."

ராஜாராம் அவர் தங்கை மகன். பிரேக் எந்தக் கால் என்று அன்றுவரை தோமினிக்கிடம் கேட்டுக்கொண்டிருந்தவன்.

தோமினிக் கம்பியை நிமிர்த்தினான். திருகாணிகளை இறுக்கினான். எண்ணெய் வந்ததும் ஊற்றி, முள் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

செஞ்சி ரோட்டில், கூடவே உழவு பார்த்த கோவிந்தசாமி ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

"இன்னாப்பா நீ, அத அப்டியே உட்டுட்டு வர்றதுதான? அந்தப் பையனும் நடுக்கழனில நிக்கட்டுமே."

"நின்னா, அதயும் நாந்தான் கெடுத்தேன்னுவாரு."

கோவிந்தசாமி முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"கோவிச்சிக்காத. ஒரு போத்தலு, அர போத்தலு... நெசமாவே எடுக்கலியா?"

தோமினிக் நின்றான். அவனை முன்னால் போகவிட்டு, அப்புறம் நடந்தான்.