எட்டாம் மாதத்தில் நிற்பவள்

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் ஒருநாள், எதிர்வீட்டு சிரியாக்காரப் பெண்மணி என் வயிற்றையும் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உம் மீன்?" என்று கேட்டார். என் கையில் கடைப் பை இருந்தது. மீன் மார்க்கெட்டில் நம்மவர்களிடம் கற்றுக்கொண்ட சொல்லாக இருக்கும் என்று நினைத்து, "நோ மீன், சிக்கன்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். மாலையில் கணவர் ஜாபரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இங்கே ஒரு பெண்ணை அவள் பிள்ளையின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் தாய் என்றுதான் கூப்பிடுவார்களாம். அரபியில் உம் என்றால் தாய், மீன் என்றால் யார்; நீ யாருடைய தாய் என்று அவர் கேட்டிருக்கிறார். ஏழு மாத வயிற்றோடு என்னைப் பார்த்தவர், வயிறு இறங்கியதும் பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். பிறந்தது உண்மைதான். பெண். உயிரில்லாமல் பிறந்தது.

எங்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டில் இது நடந்திருந்தால் வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அழ விட்டிருப்பார்கள், பிறகு அதட்டிச் சோறு தின்ன வைத்திருப்பார்கள். இங்கே ஜாபர் காலையில் வேலைக்குப் போய்விட்டால் ஏசியின் சத்தம் ஒன்றுதான் துணை. குளியலறைக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவைத்தேன். அதில் தெரிந்தவளோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. ஒருநாள் என்ன தோன்றியதோ, ஜாபரின் சட்டையைப் புடவைமேல் போட்டு, முடியை ஏற்றிக் கட்டி, போனை ஸ்டாண்டில் பொருத்தி, டைமரைத் தட்டிவிட்டு எதிரே போய் நின்றேன். படத்தில் வந்தவள் வேறொருத்தி. பாடாலூரில் ஹைவே ஓரம் டீக்கடை நடத்தும் செல்வி என்று அவளுக்குப் பெயர் வைத்தேன். புருஷன் விட்டுப் போனவள், லாரிக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறவள். அவளாக நின்ற நேரம் மட்டும் எனக்கு மூச்சு முட்டவில்லை. அடுத்து, கோதுமை மாவை முகத்தில் பூசிக்கொண்டு, அரியலூர் சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடும் தனலட்சுமி ஆனேன். பிறகு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு நர்ஸ். இன்ஸ்டாகிராமில் வேறு பெயரில் ஒரு பக்கம் தொடங்கி அவர்களை ஏற்றினேன். மஸ்கட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் முகம் தெரியாத பெண்கள், செல்விக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன்.

ஒருத்தியை மட்டும் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அவளையும் எடுத்தேன். பச்சைப் புடவைக்குள் தலையணையைக் கட்டி, பால்கனிக் கதவோரம் வெளிச்சத்தில் வயிற்றில் கை வைத்து நின்றேன். பெயர் நூர்ஜஹான், எட்டாம் மாதம் என்று படத்தின் கீழே எழுதினேன். நான் போய்ச் சேராத மாதம் அது. தலையணையை அவிழ்க்க மனம் வரவில்லை. ஜாபர் திரும்பி வந்தபோதும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

அந்தப் படத்தை உறவில் யாரோ அடையாளம் கண்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உம்மா போன் செய்தபோது குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கண்ணு பட்டுரும்னு மறைச்சியாக்கும்? எட்டு மாசமாமே. தெரு பூரா இனிப்பு குடுத்துட்டேன்மா."

"உம்மா, அது நான் இல்ல."

"உன் மூஞ்சிதானடி அது?"

"மூஞ்சி என்னோடதுதான். வயித்துல இருக்கறது தலவாணி."

உம்மா போனை வைக்கவில்லை. பக்கத்தில் யாரோ, "என்ன சொல்லுது புள்ள?" என்று கேட்பது கேட்டது. "நல்லாருக்காளாம்" என்றார் உம்மா.

அடுத்த மாதம் ஜாபர் என்னை மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்தார். திருச்சியில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் போர்த்தியிருந்த துப்பட்டிக்கு மேலாகவே அவர்கள் கண்கள் என் வயிற்றைத் தேடின. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது சும்மா எடுத்த போட்டோங்க, புள்ளைக்கு மனசு சரியில்லங்க என்று உம்மா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்புவது உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவோ ஏங்கிய ஊர்தான். ஆனால் இருந்த நாளெல்லாம் ஷார்ஜாவின் அந்த ஏசி சத்தத்துக்கு ஏங்கினேன். கிளம்புவதற்கு முன்பு உம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் போட்டோவ அழிச்சுட்டியா?"

"இல்ல உம்மா. இப்பவே அழிச்சுடுறேன்."

"வேணாம். எனக்கு அனுப்பிவுடு."

எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அங்கேயே நின்று அனுப்பினேன். உம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, விரலால் அந்த வயிற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

திரும்பி வந்தபின் நான் யாராகவும் நிற்கவில்லை. ஸ்டாண்டை மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன். செல்வியைப் பற்றி இன்னும் யார் யாரோ கேட்கிறார்கள், பதில் எழுதுவதில்லை. போன வாரம் தம்பி மனைவி ஒன்று சொன்னாள். உம்மாவின் போனில் என் நம்பருக்கு அந்தப் படத்தைத்தான் வைத்திருக்கிறாராம். நான் இங்கிருந்து கூப்பிடும்போதெல்லாம் லப்பைக்குடிக்காட்டில் ஒளிர்வது அவள்தான், எட்டு மாத வயிற்றோடு, பச்சைப் புடவையில். உம்மா எடுத்து, "சாப்பிட்டியாமா, ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். இரண்டு பேரில் யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. நல்லாருக்கேன் உம்மா என்று நான் சொல்லிவிடுகிறேன்.